பரங்கிப்பேட்டை வழியாக

கடலூருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று காரியங்களை உத்தேசித்துப் போகிறார்கள். கலெக்டர் கச்சேரியில் மனுக் கொடுப்பது ஒன்று. திருப்பாதிரிப்புலியூரில் பாடலீசுவரரைத் தரிசிப்பது ஒன்று. தேவனாம்பட்டினக் கடற்கரையில் காற்று வாங்குவது ஒன்று. சென்ற மார்கழியில் நான் அங்கே போனது இவற்றில் எதற்காகவும் அன்று. அல்வாவுக்காகப் போனேன். கடையில் நிறுத்து விற்கும் அல்வா என்று நினைத்துவிட வேண்டாம். 84 வயதான என் பெரியம்மாவின் கையில் இருக்கும் உருளைக்கிழங்கு அல்வா.

கையில் இருக்கிறது என்பதை நேயர்கள் அப்படியே பொருள் கொள்ளவேண்டும். அதன் பக்குவம் எந்தக் காகிதத்திலும் எழுதப்படவில்லை. பெரியம்மாவுக்கு அவருடைய பாட்டி பக்கத்தில் நிறுத்திக் கற்றுக்கொடுத்தார். பெரியம்மாவின் பெண்கள் இருவரோ தூர தேசத்தில் இருக்கிறார்கள். டெலிபோனில் கூப்பிட்டு, "சர்க்கரை எத்தனை கிராம், அம்மா?" என்று கேட்பார்கள். "கிழங்கைப் பார்த்துப் போடு" என்று பதில் வரும். "எத்தனை நேரம் கிளறவேண்டும்?" "அதுவே சொல்லும்." இந்தச் சம்பாஷணை நாலைந்து தீபாவளிகள் நடந்தது, பிறகு அவர்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். சென்ற தீபாவளிக்குப் பெரியம்மாவுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டபடியால் வாணலி அடுப்பில் ஏறவேயில்லை. கடையிலிருந்து ஒரு பெட்டி வந்தது. இந்தச் சமாசாரம் காதில் விழுந்ததும், ஒரு சிறிய தராசையும் நோட்டுப் புத்தகத்தையும் பையில் போட்டுக்கொண்டு நான் புறப்பட்டுவிட்டேன். "பையன்களுக்கு மார்க்குப் போட்டது போதாதென்று பாட்டிமார்களுக்கும் போடப் போகிறீர்களா?" என்று என் மனைவி கேட்டாள்.

கடலூர் சரித்திரத்தில் பலமாக அடிபட்ட ஊர். 1690-ல் செஞ்சியிலிருந்த மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினக் கோட்டையை இங்கிலீஷ் கம்பெனியார் விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரத்தில் போய் விழுகிறதோ, அவ்வளவு தூரம் வரையிலுள்ள கிராமங்களும் அவர்களைச் சேரும் என்பது பேரம். நல்ல பீரங்கியாகப் பார்த்துத்தான் சுட்டிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தக் கிராமங்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வழங்கலாயிற்று. செயின்ட் டேவிட் கோட்டை என்று அவர்கள் பெயர் சூட்டிய அந்தக் கோட்டையை 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்துத் தகர்த்தான். 1918 நவம்பரில் பாரதியார் புதுச்சேரியை விட்டு வெளியே கால் வைத்ததும் கைது செய்யப்பட்டு அடைக்கப்பட்டதும் இந்தக் கடலூர்ச் சிறையிலேதான். இவற்றையெல்லாம் விஸ்தாரமாக எழுத வேறு பேனாக்கள் இருக்கின்றன. எனக்காகக் காத்திருந்தது வாணலி.

கோட்டை போயிற்று, அதற்குரியவர்களும் போய்விட்டார்கள். ஆனால் ஐரோப்பியர் கப்பலில் வந்த கிழங்கு மட்டும் நம் வீட்டுக்குள் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டது. உருளைக்கிழங்கின் ஜன்மபூமி தென் அமெரிக்காவிலுள்ள ஆண்டிஸ் மலைகள். பம்பாய்ப் பக்கத்தார் போர்த்துகீசியரிடம் கேட்ட பெயரை விடாமல் இன்னும் அதைப் 'பட்டாட்டா' என்றே சொல்கிறார்கள். நம் பக்கத்தில், 1820-களில் கோயமுத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் நீலகிரியில் அதைப் பயிரிடச் செய்தார். இன்றைக்கும் ஊட்டிக் கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி, அங்கிருந்துதான் ஊர் ஊராகப் போகிறது.

பெரியம்மா என் தராசை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன தம்பி, தங்கம் நிறுக்கப் போகிறாயா?" என்றார். நான் கேள்விகளை ஆரம்பித்தேன். கிராம் கணக்குக்குப் பெண்களுக்குக் கிடைத்த பதிலே எனக்கும் கிடைத்தது. அப்போது ஒரு யோசனை தோன்றிற்று. "உங்கள் பாட்டி வீட்டில் எந்தப் படிக்கல்லை வைத்து நிறுத்தார்கள்?" என்று கேட்டேன். பெரியம்மாவின் முகம் மலர்ந்தது. "அதுவா? வீசைக் கிழங்குக்கு இருபது பலம் சர்க்கரை, எட்டுப் பலம் நெய், ஓர் ஆழாக்குப் பால்" என்று பள்ளிக்கூடப் பிள்ளை வாய்பாடு சொல்வதுபோல் ஒப்பித்துவிட்டார்!

நான் பிரமித்துப் போனேன். கணக்கு இத்தனை நாளும் அவரிடம் பத்திரமாக இருந்திருக்கிறது. அது வீசையிலும் பலத்திலும் இருந்தது. பெண்களோ கிராமில் கேட்டார்கள். நம் தேசத்தில் மெட்ரிக் நிறைகளைச் சட்டம் கட்டாயமாக்கியது 1962-ல். அதற்கு முன்பே பெரியம்மா அல்வாக் கிளறக் கற்றுக்கொண்டாகிவிட்டது. படிக்கற்கள் வீட்டை விட்டுப் போனதும் கணக்குக்கு வேலையில்லாமல் போய், கைதான் மிச்சமாக நின்றது. வீசை என்பது 40 பலம்; இன்றைய நிறையில் சுமார் 1,400 கிராம். பலம் 35 கிராம். ஆகவே 1,400 கிராம் கிழங்குக்கு 700 கிராம் சர்க்கரை, 280 கிராம் நெய். ஆழாக்கு என்பது 168 மில்லி. வயதான பாட்டிமார்களிடம் பக்குவம் கேட்கப் போகிறவர்கள் பழைய அளவைகளை ஒரு தரம் படித்துவிட்டுப் போவது நலம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நிறையில் அடங்காதவற்றைப் பெரியம்மா ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்ல, கரண்டியை நான் பிடித்தேன். கிழங்கு முற்றின பழங்கிழங்காக இருக்கவேண்டும். புதுக்கிழங்கு மாவாக உதிராது, பசையாக நிற்கும். தோலோடு வேகவைத்து, சூட்டோடு உரித்து, மத்தின் அடியால் மசித்து, பித்தளைச் சல்லடையில் தேய்த்து எடுக்கவேண்டும். "மிக்ஸியில் போட்டால் என்ன?" என்று கேட்டேன். "போட்டால் போஸ்டர் ஒட்டலாம்" என்றார். உண்மைதான். வெந்த கிழங்கை அரைத்தால் அதன் நுண்ணிய அறைகள் உடைந்து, உள்ளேயிருக்கும் மாவுச்சத்து வெளிப்பட்டுக் கோந்தாகிவிடும். குளிர்க் கிடங்கில் நாள்பட இருந்த கிழங்கும் அவருக்கு ஆகாது. சீக்கிரம் சிவந்து அடிப்பிடிக்கும் என்றார். குளிரில் கிழங்கின் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுகிறது என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். பெரியம்மா அதை வாணலியில் படித்திருக்கிறார்.

பாதி நெய்யை விட்டு, மசித்த கிழங்கைச் சிறு தீயில் பச்சை வாசனை போகும் வரையில் வறுத்துப் பாலை விடவேண்டும். பால் சுண்டியதும் சர்க்கரை. சர்க்கரை விழுந்தவுடன் எல்லாம் இளகிக் கூழாகிவிடுகிறது. புதிதாகச் செய்கிறவர்கள் பயந்துபோய் மாவு சேர்ப்பது இந்த இடத்தில்தான். "கையை நிறுத்தாதே, வேறே ஒன்றும் போடாதே" என்றார். கால் மணியில் கூழ் கெட்டிப்பட்டது. மிச்ச நெய்யைக் கரண்டி கரண்டியாக விட்டுக்கொண்டு வந்தேன். குங்குமப்பூக் கரைத்த பால், ஏலப்பொடி, நெய்யில் வறுத்த முந்திரி. கடைசியில் அல்வா முழுதும் ஒரே உருண்டையாகக் கரண்டியோடு சுற்றிவந்து, ஓரங்களில் நெய் பிரிந்து நின்றது. "சொல்லிவிட்டது, இறக்கு" என்றார் பெரியம்மா. கடிகாரம் 50 நிமிஷம் காட்டியது.

கோதுமை அல்வா இருக்கும்போது கிழங்கு அல்வா எதற்கு என்று கேட்கலாம். கோதுமையை முதல் நாளே ஊறவைத்து, ஆட்டிப் பாலெடுத்துத் தெளியவைத்து, பிறகு மணிக்கணக்காகக் கிளறவேண்டும். சம்பந்தி வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் பகல் வண்டியில் வந்து இறங்கினால் அதற்கு அவகாசம் ஏது? ஒரு வீசைக் கிழங்கு இருந்தால் ஒரு மணி நேரத்தில் குடும்பத்தின் மானம் காப்பாற்றப்பட்டுவிடும்.

அந்த அல்வாவில் ஒரு ஜில்லாவே அடங்கியிருக்கிறது. பக்கத்து நெல்லிக்குப்பத்தில் 1842-ல் பாரி கம்பெனியார் சர்க்கரை ஆலை வைத்தார்கள். முந்திரி, பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் காட்டிலிருந்து வந்தது. 2011 டிசம்பர் 30-ந் தேதி அடித்த 'தானே' புயலில் அந்தக் காடுகளிலே முந்திரியும் பலாவும் ஏராளமாக வேரோடு சாய்ந்தன. கன்று வைத்துக் காய்ப்புக்காகக் காத்திருந்த குடியானவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

மறுநாள் காலை ஒரு டப்பா அல்வாவுடன் திருப்பாதிரிப்புலியூரில் சிதம்பரத்துக்கு வண்டி ஏறினேன். எதிரே ஒரு பெரியவர். மடியில் தினையும் சாமையும் அடங்கிய பை. பாரம்பரிய உணவில் மிகுந்த பற்றுள்ளவர் என்பது முதுநகர் தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது. என் டப்பாவில் இருப்பது இன்னதென்று கேட்டதும் முகத்தைச் சுளித்தார். "உருளைக்கிழங்கு வெள்ளைக்காரன் சரக்கு, ஸார். அதைப் போய்ப் பாட்டி பலகாரம் என்கிறீர்களே! நம் பாட்டி அதைக் கண்டாளா?" என்றார்.

அவர் கையில் ஒரு பொட்டலம் வறுத்த வேர்க்கடலை இருந்தது. இந்தப் பக்கத்தில் அதை 'மல்லாட்டை' என்பார்கள். மணிலாக் கொட்டை என்பதுதான் வாயில் புரண்டு புரண்டு மல்லாட்டையாயிற்று. அதுவும் தென் அமெரிக்கச் செடியே. 1993-ல் இரண்டாகப் பிரிக்கப்பட்ட பழைய தென் ஆற்காடு ஜில்லா, 19-ஆம் நூற்றாண்டிலேயே அதை மூட்டை மூட்டையாக விளைவித்துப் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து பிரான்ஸ் தேசத்து எண்ணெய் ஆலைகளுக்கு ஏற்றியது. இதைச் சொன்னதும் பெரியவர் மெல்லுவதைச் சற்று நிறுத்தினார்.

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் கடந்தன. நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். மிளகாய் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதற்கு முன் நம் சமையலில் காரம் என்றால் மிளகு. அதனால்தான் வந்ததற்கு மிளகு-காய் என்று பெயரிட்டோம். தக்காளி அங்கிருந்து வந்தது. முந்திரி பிரேஸில் தேசத்தது, போர்த்துகீசியர் கொண்டுவந்தது. "பரங்கிக்காயாவது நம்முடையதா?" என்று பெரியவர் கேட்டார். அந்தச் சமயத்தில் வண்டி ஒரு ஸ்டேஷனில் நின்றது. நான் ஜன்னலுக்கு வெளியே பெயர்ப் பலகையைக் காட்டினேன். பரங்கிப்பேட்டை!

பெரியவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். வெள்ளாற்று முகத்துவாரத்தில், பரங்கியராகிய போர்த்துகீசியர் வந்து தங்கியதால் ஏற்பட்ட பெயர் அது. 'புதுத் துறைமுகம்' என்று பொருள்பட போர்ட்டோ நோவோ என்றார்கள் அவர்கள். 1781 ஜூலை 1-ந் தேதி ஹைதர் அலிக்கும் இங்கிலீஷ் தளபதி கூட்டுக்கும் பெரும்போர் நடந்தது இங்கேதான். ஊருக்கும் காய்க்கும் ஒரே பெயர். ஊரை அவர்கள் பெயரால் வழங்குகிறோம். காயைப் பொங்கல் படையலில் வைக்கிறோம். வண்டி வெள்ளாற்றைத் தாண்டும்போது பெரியவர் டப்பாவைப் பார்த்து, "கொஞ்சம் கொடுங்கள், பார்க்கலாம்" என்றார். கிள்ளைக்குள் இரண்டாம் முறையும் கேட்டார்.

சிதம்பரத்தில் ஆருத்திரா தரிசனம் முந்தின நாள்தான் முடிந்திருந்தது. கீழ வீதியில் தேர்கள் நிலைக்கு வந்து நின்றன. வீதிகளில் வாடிய மாவிலையும் கரும்புச் சக்கையும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த நண்பர் ஒருவருடைய வீடு மேல வீதிக்குப் பின்னால் இருக்கிறது. அவருடைய தாயார் சர்க்கரைவள்ளிக் கிழங்குப் போளி செய்வதில் பிரசித்தி பெற்றவர். பேத்தி அதே சர்வகலாசாலையில் விவசாயம் படிக்கிறாள். தென் ஆற்காட்டு வழக்கப்படி பாட்டியை 'ஆயா' என்று கூப்பிடுகிறாள்.

மிச்சமிருந்த திருவாதிரைக் களியும் கூட்டும் எனக்குக் கிடைத்தன. சிவந்த பதத்தில் வறுத்து உடைத்த அரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், தேங்காய், நெய் இவைதான் களி. ஏழை அடியாரான சேந்தனார் படைத்த களி மறுநாள் காலையில் நடராஜர் சந்நிதியில் சிதறிக் கிடந்ததென்பது ஐதிகம். கூட்டில் பரங்கி, பூசணி, அவரை, மொச்சை, வாழைக்காய், சேனை, சர்க்கரைவள்ளி எல்லாம் இருந்தன. உருளைக்கிழங்கு மட்டும் இல்லை.

"அது இங்கிலீஷ் காய், தம்பி. நோன்புக்கும் திதிக்கும் சேர்க்கமாட்டோம்" என்றார் நண்பருடைய தாயார்.

நான் விடவில்லை. சர்க்கரைவள்ளியும் பரங்கியும் அதே அமெரிக்காவிலிருந்து வந்தவையே என்றேன். சர்க்கரைவள்ளியைக் கொலம்பஸே ஸ்பெயினுக்குக் கொண்டுபோனான். 'பட்டாட்டா' என்பது முதலில் அதன் பெயர்தான், பிறகுதான் உருளைக்கிழங்கு அதைத் தட்டிக்கொண்டு போயிற்று என்றும் சொன்னேன். அம்மாள் சிறிதும் அசையவில்லை.

"இருக்கட்டுமே. மருமகள் எந்த ஊரில் பிறந்தால் என்ன? வீட்டுக்கு வந்து விளக்கேற்றி எத்தனை காலமாகிறது என்று பார்க்கவேண்டாமா? வள்ளி முன்னால் வந்தாள். உருளை பின்னால் வந்தாள். அவளுக்கும் ஒரு காலம் வரும்" என்றார்.

சர்வகலாசாலைகள் இதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தைத் தீர்த்துவைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் 'வள்ளி' என்றதும் பொருத்தமே. வள்ளிக்கிழங்கு நம் காட்டுக் கிழங்கு; அதை அகழ்ந்த குழியில் குழந்தையாகக் கிடைத்தவள் வள்ளி. கப்பலில் வந்த கிழங்குக்கு நம் முன்னோர் முருகன் மனைவியின் பெயரைச் சூட்டி, முன்னால் சர்க்கரையையும் சேர்த்துவிட்டார்கள். இதைவிடச் சிறந்த சுவீகாரம் உண்டா? வங்காளத்தாரும் நம் பொங்கல் நாளாகிய மகர சங்கிராந்தியன்று 'ராங்கா ஆலு' என்னும் இதே கிழங்கை மசித்து, உள்ளே தேங்காய்ப் பூரணம் வைத்துப் பொரித்துப் பாகில் போட்டுப் பிட்டே செய்கிறார்கள்.

போளிக்குக் கிழங்கு வேகவைக்கும் இடத்தில்தான் சண்டை வந்தது. பேத்தி குக்கரை எடுத்தாள். அம்மாள் கொல்லைப்புறத்து வெந்நீர் அடுப்பின் சாம்பலைக் காட்டினார். "பத்து நிமிஷத்தில் ஆகிற வேலைக்கு ஒன்றரை மணியா, ஆயா?" என்றாள் பெண். நான் வாத்தியார் ஆயிற்றே! ஒரே கொடியில் விளைந்த இரண்டு கிழங்கில் ஒன்றைக் குக்கரிலும் ஒன்றைச் சாம்பலிலும் வைத்துப் பார்க்கலாமென்று தீர்ப்புச் சொன்னேன்.

குக்கர்க் கிழங்கு வெந்திருந்தது, அவ்வளவுதான். சாம்பல் கிழங்கின் தோலுக்கடியில் தேன்போல் கசிந்து நின்றது. பெண் இரண்டையும் மாறி மாறித் தின்று பார்த்தாள். பிறகு அவளே காரணத்தையும் சொன்னாள். சர்க்கரைவள்ளிக்குள் ஒரு நொதி இருக்கிறது. மாவுச்சத்தை மால்ட்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றுவது அதன் வேலை. சுமார் 60 டிகிரியிலிருந்து 80 டிகிரி உஷ்ணத்துக்குள் அது சுறுசுறுப்பாக உழைக்கும். அதற்கு மேல் போனால் அழிந்துவிடும். குக்கர் அந்த உஷ்ணத்தைத் தாவிக் கடந்துவிடுகிறது. சாம்பல் அதிலேயே நெடுநேரம் நிற்கிறது. "வகுப்பில் எழுதினேன் ஆயா, நாக்கில் இப்போதுதான் தெரிகிறது" என்றாள். தோண்டின கிழங்கைச் சில நாள் நிழலில் போட்டுவைத்தால் இனிப்புக் கூடும் என்று ஆயா சொல்வதற்கும் அவள் ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டாள். கிழவிக்கு உள்ளூறப் பெருமை. ஆனால் வெளியே, "காரணம் இருக்கட்டும், கையை அலம்பிக்கொண்டு வா" என்றார்.

நோட்டுப் புத்தகத்தில் நான் எழுதியதைத் தருகிறேன். சாம்பலில் சுட்டு மசித்த கிழங்கு 500 கிராம். வெல்லம் 150 கிராம். குக்கரில் வேகவைத்தால் வெல்லம் 200 கிராமுக்குக் குறையாது. சாம்பலால் ஆகிற லாபம் இதுவே. ஒரு மூடித் தேங்காய்த் துருவல், ஏலம், ஒரு சிட்டிகை உப்பு. வெல்லப் பாகில் கிழங்கையும் தேங்காயையும் போட்டுக் கையில் ஒட்டாத பதம் வரும் வரையில் கிளறவேண்டும். மேல் மாவுக்குக் கோதுமை மாவும் மைதாவும் பாதிப் பாதி, மஞ்சள்பொடி சிறிது. தளரப் பிசைந்து நல்லெண்ணெயில் மூழ்க இரண்டு மணி நேரம் ஊறவிடவேண்டும். வாழையிலையில் தட்டிக் கல்லில் போட்டு நெய் விட்டு எடுப்பது. கிழங்குப் பூரணத்தில் ஈரம் அதிகமானபடியால், பருப்புப் போளியைப்போல் நாலு நாள் வைத்துக்கொள்ள முடியாது, மறுநாளைக்குள் தின்றுவிடவேண்டும். அது ஒன்றும் சிரமமாக இருக்கவில்லை.

பேத்தி தட்டிய முதல் போளி கிழிந்து பூரணம் கல்லில் ஒழுகியது. இரண்டாவது ஒரு பக்கம் தடித்தது. ஆயா ஒன்றும் சொல்லாமல் அவள் கையைப் பிடித்து, விரல் நுனியை மடக்கி, உள்ளங்கையின் அடியால் ஓரத்தை அழுத்தும்படி வைத்தார். மூன்றாவது வட்டமாக விழுந்தது. நான் தராசை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, இலையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். பெண் நாலாவது உருண்டையை எடுத்துக்கொண்டு, "ஆயா, போகிக்கு எத்தனை செய்வோம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.